கேள்வி நேரத்தில் ஒரு மருத்துவர்

ஆட்சியாளரைக் கேள்வி கேட்கலாம் என்பது இந்த நாட்டில் சட்டமாக எழுதப்பட்டது 1892-இல். அந்த ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம், அவை உறுப்பினர்கள் அரசிடம் வினா எழுப்ப இடம் தந்தது. ஆனால் பதில் வந்த பிறகு துணைக்கேள்வி கேட்க முடியாது. சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். வினா எழுப்பியவர் மேலும் ஒன்று கேட்கலாம் என்ற இடம் 1909-இல் கிடைத்தது. சென்னை மாகாணத்தின் அவையில் ஒரு பெண் எழுந்து நின்று கேட்பதற்கு 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரைத் தேவதாசி முறையை எதிர்த்தவராகவும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியவராகவும் நம் பாடநூல்கள் நினைவில் வைத்திருக்கின்றன. இரண்டும் பெரிய காரியங்கள்தாம். ஆனால் அவர் கல்வியைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் அரசைத் தொடர்ந்து நெருக்கிய ஒரு சட்டமன்ற உறுப்பினர் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே மறைந்துபோகிறது. 'ஒரு சட்டமன்ற உறுப்பினராக என் அனுபவம்' என்ற பொருளில் தலைப்பிட்டு 1930-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், அந்த உறுப்பினரை நமக்குத் திருப்பித் தருகிறது. வடசென்னையில் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் அந்த உறுப்பினரே எனக்கு அதிகம் தேவைப்படுகிறார்.

வாக்கு யாருக்கு, இருக்கை யாருக்கு

1921 ஏப்ரலில் சென்னை சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. மாகாணங்களில் இதுவே முதல். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்த வாக்குரிமை சொத்தையும் வரியையும் அளவுகோலாகக் கொண்டது. காசிமேட்டில் மீன்கூடை சுமந்த பெண்ணுக்கும், பெரம்பூர் பக்கிங்காம்–கர்நாட்டிக் ஆலைக்கு வேலைக்குப் போன கணவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்த பெண்ணுக்கும் அதில் இடமில்லை. அவர்கள் கைக்கு வாக்குச்சீட்டு வந்து சேர்ந்தது 1952-இன் பொதுத்தேர்தலில்.

பெண்கள் உறுப்பினராகலாம் என்ற நிலை 1926-இல் உண்டானது. கமலாதேவி சட்டோபாத்யாய அந்தத் தேர்தலில் நின்று, மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஆக, தேர்தல் வழியாக ஒரு பெண் உள்ளே வரவில்லை. 1917-இல் அடையாறில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி நியமன உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 40. மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்று, 1926-இல் பாரிஸில் நடந்த பெண்கள் வாக்குரிமை மாநாட்டிலும் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். 1927-இல் உறுப்பினர்கள் அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த இருக்கையில் எப்படிப்பட்ட பெண் உட்கார்ந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். தந்தை நாராயணசாமி அய்யர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். பையன்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரிக்குள் முதல் மாணவியாக நுழைந்தவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணிசெய்தவர். பள்ளிக்குப் போகும் பெண்ணின் உடலும், பிள்ளை பெறும் பெண்ணின் உடலும் என்ன பாடுபடுகின்றன என்பது அவருக்குப் புத்தக அறிவு அல்ல.

பள்ளி அமைச்சரிடம், பெட்டி வேறொருவரிடம்

அவருடைய கேள்விகள் எங்கே போய் முட்டின என்று புரிந்துகொள்ள, அன்றைய ஆட்சிமுறையைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். 1919-இன் சட்டம் கொண்டுவந்த இரட்டையாட்சியில் கல்வி, மருத்துவம், பொதுச் சுகாதாரம் ஆகியவை அவைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நிதியும் காவலும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஒருவர் பொறுப்பு. பணப்பெட்டியின் சாவி இன்னொருவர் கையில். இந்த அமைப்பில் பெண்களுக்காக எதைக் கேட்டாலும், நல்ல யோசனைதான், நிதிக்குத்தான் வழியில்லை என்று சொல்லிவிட முடியும்.

முத்துலட்சுமி கேட்டவை பெரும்பாலும் செலவு வைக்கும் காரியங்கள். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை. ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை. முஸ்லிம் பெண்களுக்கு விடுதி. குழந்தைகளுக்கான மருத்துவமனையைக் கேட்ட தீர்மானத்தின் விளைவாக மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு வந்தது. முழுக்கக் கேட்டதற்குப் பாதி கிடைத்தது என்று சொல்லலாம். அவர் அந்தப் பாதியையும் வாங்கிக்கொண்டு மறுபடி கேட்கிறவர்.

வடசென்னைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிமார் சொன்ன ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் 18-ஆம் நூற்றாண்டின் மணியக்காரர் சத்திரத்தில் இருக்கிறது. பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் நோயாளிகளின் இடமாக வளர்ந்தது. ராயபுரத்தில் பிரசவ ஆஸ்பத்திரி ஒரு செல்வந்தரின் கொடையால் எழுந்தது. அவர் பெயரின் முதல் எழுத்துகளால் 'ஆர்.எஸ்.ஆர்.எம்.' என்று இன்றும் அழைக்கிறோம். திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியும் 1885-இல் கொடைகளின் துணையோடு வந்தது. இந்நகரத்தில் ஏழைப் பெண்ணின் உடல்நலம் நெடுங்காலம் தருமத்தின் கணக்கில் இருந்தது. முத்துலட்சுமி அதை வரவு செலவுத் திட்டத்தின் கணக்குக்கு மாற்றச் சொன்னார். தருமம் செய்தவரைக் கும்பிடலாம். கேள்வி கேட்க முடியாது. அரசு செய்தால் ஏன் செய்யவில்லை, எவ்வளவு செய்தாய் என்று கேட்கலாம். அவருடைய அரசியலின் சாரம் இதுதான் என்று நான் படிக்கிறேன்.

நூறு பேரில் பதினெட்டு

1928-இல் சர் பிலிப் ஹார்ட்டாக் தலைமையில் அமைந்த கல்விக் குழுவில் முத்துலட்சுமியும் ஓர் உறுப்பினர். அடுத்த ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை ஒரு கணக்கைச் சொன்னது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1922–23-இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளில், 1925–26-இல் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவர்கள் 18 பேர். பாதியில் நின்றுபோவதற்கு 'வீணாதல்' என்றும், ஒரே வகுப்பில் கிடப்பதற்குத் 'தேக்கம்' என்றும் அறிக்கை பெயர் வைத்தது. பெண்கல்விக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

இந்தக் கணக்கின் முறை முக்கியமானது. பள்ளி எத்தனை, சேர்ந்தவர் எத்தனை என்று கேட்டால் அரசுக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்லவரும். சேர்ந்தவர்களில் மிஞ்சியவர் எத்தனை என்று கேட்டால் வேறொரு படம் தெரியும். மிஞ்சாதவர் எங்கே போனார்? தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் நின்றார். கல்யாணம் ஆகிப் போனார். பெண்ணுக்கு மணவயது 16, ஆணுக்கு 21 ஆக வேண்டும் என்று முத்துலட்சுமி வாதாடியதும், கல்வியைப் பற்றி அவர் கேட்டதும் இரண்டு வேறு விஷயங்கள் அல்ல. 1929-இன் சார்தா சட்டம் பெண்ணுக்கு 14 என்பதோடு நின்றது.

யாருடைய கண்

மருத்துவப் பரிசோதனை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1907-இல் பள்ளி மருத்துவப் பரிசோதனை சட்டமானதற்குப் பின்னால் போயர் போரின் கவலை இருந்தது. படைக்கு வந்த ஏழை இளைஞர்களில் பலர் தகுதியற்றவர்களாக இருந்தார்கள். சிப்பாய் வேண்டுமென்றால் பையனைப் பள்ளியிலேயே கவனிக்க வேண்டும் என்று அரசு புரிந்துகொண்டது. இந்தியாவிலோ 1868-இன் தொற்றுநோய்ச் சட்டம், சிப்பாய்களைக் காப்பதற்காகப் பாலியல் தொழில் செய்த பெண்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு இழுத்தது. காலனி அரசின் மருத்துவக் கண் இந்நாட்டுப் பெண்ணுடலின் மேல் விழுந்த வரலாற்றில் அப்படியும் ஒரு பக்கம் உண்டு.

முத்துலட்சுமி அதே கண்ணைப் பள்ளிச் சிறுமியின் பக்கம் திருப்பினார். இம்முறை அவளுக்காக. இரத்தசோகையா, பார்வைக் குறைவா, காசமா என்று பார்க்க. இது பெரிய திருப்பம். ஆனால் அவருடைய வாதங்களில் நலமான பெண் என்பவள் பெரும்பாலும் நலமான தாய். தேசத்துக்கு நல்ல பிள்ளைகளைத் தர வேண்டியவள். அக்காலச் சீர்திருத்த மொழி அது. தேவதாசி முறையை ஒழிக்க 1927 நவம்பரில் அவர் தீர்மானம் கொண்டுவந்தபோது, பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைஞர்கள் தங்களைக் கேளாமல் தங்களைப் பற்றி முடிவு செய்வதாக எதிர்த்தார்கள். அவர்களுடைய மனுக்களையும் முத்துலட்சுமியின் உரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நாம் படிக்க வேண்டும். ஒருவரைப் போற்றுவதற்காக மற்றவரின் குரலை அடைக்கத் தேவையில்லை.

அந்தக் கண் இன்னும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. அதே புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். முத்துலட்சுமி கேட்ட பரிசோதனை ஏழைப் பெண்ணைப் பள்ளியில் நிலைநிறுத்தக் கேட்டது. சாந்திக்கு நடந்தது ஓர் ஏழைப் பெண்ணை ஓடுதளத்திலிருந்து வெளியேற்றியது. கருவி ஒன்றுபோலத் தெரியும். யாருக்காக, யார் கையில், யார் சம்மதத்தோடு என்பதுதான் கேள்வி.

மைதானம் இல்லாத ஊரின் தங்கம்

விளையாட்டு அன்றைய கொள்கை மொழியில் 'டிரில்' ஆகத்தான் இருந்தது. 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி சென்னையில் தொடங்கப்பட்டபோதும் அது ஆண்களின் உலகம். வடசென்னையின் விளையாட்டு வரலாறும் அப்படியே சொல்லப்படுகிறது: ராயபுரத்துக் குத்துச்சண்டை, வியாசர்பாடிக் கால்பந்து, தெருமுனை கேரம். இவற்றில் பெண்கள் எங்கே?

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஊரே கொண்டாடியது, அரசும் பாராட்டிப் பரிசளித்தது. அந்தக் கொண்டாட்டத்தின் நடுவே எனக்கு ஒன்று உறைத்தது. கேரம் பலகைக்கு நான்கடி இடம் போதும். தெருவில் இருக்கும் மைதானத்தில் பையன்கள் ஆடுவார்கள். பெண்கள் அதன் ஓரமாக நடந்து போவார்கள். திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வரும் என் மாணவிகளிடம் பள்ளியில் விளையாட்டு வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்டேன். "பத்தாவதுல கணக்கு மிஸ் எடுத்துக்கிட்டாங்க மேம்" என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. வென்ற பிறகு கொடுக்கும் பரிசு மகிழ்ச்சி தருவதுதான். வெல்வதற்கு முன் கொடுக்க வேண்டிய பாடவேளையைப் பற்றி அவையில் யாராவது கேட்க வேண்டும்.

இருக்கையை விட்டு எழுந்தவர்கள்

1930-இல் காந்தி கைதானபோது முத்துலட்சுமி தம் பதவியை விட்டு விலகினார். 44 ஆண்டுகள் கழித்து வடசென்னையின் இன்னொரு பெண் அப்படி எழுந்தார். 1957-இல் பெரம்பூரிலிருந்து சட்டமன்றம் சென்றவர் சத்தியவாணி முத்து. 1967-இல் அமைந்த அண்ணாவின் அமைச்சரவையில் இடம்பெற்றவர். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரியது கிடைக்கவில்லை என்று தம் சொந்த அரசையே குற்றஞ்சாட்டி, 1974-இல் பதவி விலகித் தனிக்கட்சி கண்டார். ஒருவர் மேல்தட்டு நியமனத்தால் வந்தவர். மற்றவர் உழைக்கும் மக்கள் வாக்களித்து வந்தவர். கேள்வியா, நாற்காலியா என்ற நிலை வந்தபோது இருவரும் ஒன்றையே தேர்ந்தார்கள்.

பின்னாளில் ஆர்.கே. நகர் சற்குண பாண்டியனையும் ஜெயலலிதாவையும் தேர்ந்தெடுத்தது. ஆனாலும் 2021 தேர்தலில் 234 பேர் கொண்ட சட்டமன்றத்துக்கு வென்று போன பெண்கள் 12 பேர். 2023-இன் மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னால் கட்டப்பட்டிருக்கிறது.

படிவத்தில் பெயர்

இன்று கருவுற்ற ஏழைப் பெண்ணுக்குத் தரப்படும் 18,000 ரூபாய் உதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமியின் பெயர். தேவதாசி ஒழிப்பில் அவரோடு நின்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரிலிருந்த திருமண உதவித் திட்டம், 2022-இல் மாதம் 1,000 ரூபாய் தரும் உயர்கல்வித் திட்டமானது. கல்யாணப் பணம் படிப்புப் பணமான அந்த மாற்றம், நம் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல மாற்றம். என் மாணவிகள் அந்தப் பணத்தில் பஸ் பாஸும் புத்தகமும் வாங்குகிறார்கள்.

ஆனால் படிவத்தில் பெயரை எழுதுவதோடு அவர்களுக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிடவில்லை. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிய மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். அந்த ஊர்ப் பள்ளிச் சிறுமியின் நுரையீரலை அதற்குப் பிறகு ஆண்டுதோறும் யார் சோதிக்கிறார்கள்? எண்ணூரில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த 100 பெண்களில் பன்னிரண்டாம் வகுப்பை எட்டியவர்கள் எத்தனை பேர்? ராயபுரம் தொகுதியில் மாலை ஐந்து மணிக்குப் பெண்கள் ஆடக்கூடிய மைதானங்கள் எத்தனை, அவற்றில் கழிப்பறை உள்ளவை எத்தனை?

இவை எதுவும் சொற்பொழிவு கேட்காத வினாக்கள். எண்ணைக் கேட்பவை. முத்துலட்சுமி கேட்டதும் இப்படித்தான். அவருக்கு எழுந்து நிற்க ஓர் அவையும், பதில் போதவில்லையென்றால் மறுபடி கேட்க ஒரு துணைக்கேள்வியும் இருந்தன. நமக்குச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதும் ஒரு கடிதமும், தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு மனுவும் இருக்கின்றன. இந்தப் பருவத்தின் ஒப்படைப்பாக என் மாணவிகள் தத்தம் தொகுதிக்கு ஆளுக்கொரு வினா எழுதுகிறார்கள். மதிப்பெண் பதிலுக்கு இல்லை. பதில் வந்த பிறகு அவர்கள் கேட்கப்போகும் துணைக்கேள்விக்கு.