பெண்ணையாறு தந்ததும் எடுத்ததும்

ஐப்பசி பிறந்துவிட்டால், புதுவையில் வாழும் நாம் வானத்தைப் பார்த்தே பொழுதைக் கழிக்கிறோம். நம் பகுதியின் வெள்ள வரலாற்றைச் சுருக்கமாக இவ்விழா மலரில் பதிவு செய்வது பொருத்தமென எண்ணுகிறோம்.

நமக்கு அருகே ஓடும் பெரிய ஆறுகள் இரண்டு. செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி, நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு எனப் பிரிந்து கடலைச் சேர்கிறது. தென்பெண்ணையோ கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஏறத்தாழ 400 கி.மீ. கடந்து, பாகூர்ப் பகுதியைத் தொட்டுக்கொண்டு கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கோடையில் மணற்பரப்பாய்க் கிடக்கும் பெண்ணை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரைபுரண்டோடும்.

நம் முன்னோர் அந்த வெள்ளத்தைப் பகையாகக் கருதவில்லை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குத் திருப்பினர். பாகூர் மூலநாதர் கோயில் கல்வெட்டுகள் ஏரிப் பராமரிப்பைக் குறிப்பிடுகின்றன. பிரெஞ்சு ஆட்சியிலும் ஏரிகளைப் பேண விவசாயிகளின் சங்கங்கள் இருந்தன. மழைக்காலத்து வெள்ளமே கோடையில் வயலுக்கு நீராயிற்று.

ஆனால், அதே ஆறு சினந்ததையும் நாம் கண்டோம். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு, ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று நகரின் தாழ்வான தெருக்களில் சிக்கியோரை இராணுவத்தினர் மீட்டனர்.

இங்கே மழை தணிந்தது, ஆபத்து நீங்கவில்லை. மேற்கே ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலை வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. பெண்ணை கரைமீறிப் பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. பயிரும் உடைமைகளும் நீரில் மூழ்கின.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. நம் தலைமேல் பெய்யும் மழையோடு வெள்ளம் முடிவதில்லை. தொலைவில் பெய்ததும் நம் வாசலுக்கு வரும். ஆகவே, வானம் வெளுத்த பின்னும் அணைநீர் பற்றிய எச்சரிக்கையைக் கேட்போம். கரையோரத்து முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அதை எடுத்துச் சொல்வோம். வாய்க்காலில் குப்பை கொட்டாதிருப்போம், ஏரிக்கரையை ஆக்கிரமிக்காதிருப்போம். முன்னோர் வெட்டி வைத்த வழியை நாம் அடைத்தால், ஆறு தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். அவ்வழி நம் வீட்டினூடே செல்லாதிருக்க, நம் கடமையைச் செய்வோமாக.