சிறுத்தைப் பல்லி: கடும் நோயும் பராமரிப்பும்

சிறுத்தைப் பல்லி உலகின் பல நாடுகளில் செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் ஊர்வன இனம். கல்கத்தாவில் ஆசியவியல் கழக அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த ஆங்கில விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் 1854-இல் இதை முதன்முதலில் விவரித்தார். இதன் அறிவியல் பெயர் யூபிளெபாரிஸ் மாக்குலாரியஸ். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் பாறை நிறைந்த வறண்ட நிலங்கள் இதன் தாயகம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கப்படுபவை பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பில் பிறந்தவை. நன்கு பேணினால் இவை 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். வளர்ப்புப் பல்லிகளுக்கு வரும் கடும் நோய்களில் பல, தொட்டியின் வெப்பம், உணவு, தரை ஆகியவற்றில் உள்ள குறைகளிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே இவற்றுக்கான சிகிச்சையில் மருந்துக்கு முன்னதாக இருப்பிடத்தைச் சீர்செய்வது இடம்பெறுகிறது.

உடலமைப்பும் நோயின் போக்கும்

வளர்ந்த சிறுத்தைப் பல்லி 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளமும், ஏறத்தாழ 50 முதல் 80 கிராம் எடையும் கொண்டது. வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிகளைப் போல் இதன் விரல்களில் ஒட்டும் பட்டைகள் இல்லை. அசையும் கண்ணிமைகள் உண்டு. பருத்த வாலில் கொழுப்பு சேமிக்கப்படுகிறது. உணவு கிடைக்காத காலத்திலும் குளிர்காலத்திலும் உடல் இந்தக் கொழுப்பைக் கொண்டே இயங்கும். இதனால் நோயுற்ற பல்லி பல வாரங்கள் உண்ணாமல் இருந்தும் பார்வைக்கு நலமாகவே தெரியலாம். காட்டில் இரையாகக்கூடிய சிறு விலங்குகளைப் போல இதுவும் தன் நலிவை வெளிக்காட்டுவதில்லை. வால் மெலிந்து இடுப்பெலும்பு தெரியத் தொடங்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

இது குளிர் இரத்த விலங்கு. செரிமானம், நோய் எதிர்ப்பு, மருந்து உடலில் பரவும் வேகம் ஆகிய அனைத்தும் உடல் வெப்பத்தைப் பொறுத்தவை. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1975-இல் மாத்யூ குளூகரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கப் பாலைவன இகுவானாக்களைக் கொண்டு நடத்தியது. ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்னும் பாக்டீரியா செலுத்தப்பட்ட இகுவானாக்கள் வெவ்வேறு வெப்பநிலைகளில் வைக்கப்பட்டன. 34 டிகிரி செல்சியஸில் இருந்தவை சில நாட்களுக்குள் மடிந்தன. 40, 42 டிகிரியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. சிறுத்தைப் பல்லி அவ்வளவு வெப்பத்தைத் தாங்காது. ஆனால் நோயுற்ற ஊர்வன குளிர்ந்த இடத்தில் கிடந்தால் மருந்தும் பலிக்காது என்ற அடிப்படை இதற்கும் பொருந்தும்.

அறிகுறிகள்

எடைக் குறைவே நோயை முதலில் காட்டிக்கொடுக்கும் நம்பகமான அடையாளம். ஒரு கிராம் அளவுக்குத் துல்லியமான சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைப்பது வழக்கம். முட்டையிடுதல் போன்ற காரணம் இல்லாமல் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண் மூடியே கிடப்பது, தண்ணீர்போன்ற எச்சம், உண்டதைக் கக்குவது, கைகால் நடுக்கம், தாடை வீக்கம், வாயைத் திறந்து மூச்சுவிடுவது, வயிற்றை உயர்த்தி நடக்க முடியாமை ஆகியவை பிற அறிகுறிகள். எச்சத்துளையிலிருந்து உறுப்பு வெளியே தள்ளியிருப்பதும், வலிப்பும், எழ முடியாத தளர்ச்சியும் அன்றே மருத்துவம் தேவைப்படும் நிலைகள்.

எலும்பு நலிவு நோய்

கால்சியமும் வைட்டமின் டி3-யும் போதாமல் வரும் நோய் இது. வளர்ப்புப் பல்லிகளுக்குத் தரப்படும் சுவர்க்கோழியிலும் மாவுப்புழுவிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பல்லிக்குத் தேவையானதோ பாஸ்பரஸைப் போல் ஏறத்தாழ இருமடங்கு கால்சியம். இரைமீது கால்சியத் தூள் தூவித் தராவிட்டால் இரத்தத்தில் கால்சியம் குறையும். அதை ஈடுகட்டப் பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்தெடுக்கின்றன. தாடை ரப்பர்போல் வளையும், கால்கள் கோணும், எலும்புகள் தாமாகவே முறியும், இறுதியில் தசை நடுக்கமும் வலிப்பும் வரும். குட்டிகளும் முட்டையிடும் பெண் பல்லிகளும் எளிதில் இதற்கு ஆளாகின்றன.

தொடக்கத்திலேயே கண்டறிந்தால் இது குணமாகும். மருத்துவர் கால்சியத்தை ஊசியாகவோ வாய்வழியாகவோ தருவார். உணவும் வெப்பமும் திருத்தப்படும். மிதமான புற ஊதா-பி விளக்கு பொருத்தப்படும். சிறுத்தைப் பல்லி அந்தி நேரத்தில் இயங்கும் விலங்கு என்பதால் இதற்கு அவ்வொளி தேவையில்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் குறைந்த அளவிலான புற ஊதா ஒளியும் இதன் உடலில் வைட்டமின் டி-யை உயர்த்துவது பின்னர் தெரியவந்தது. ஏற்கெனவே கோணிய எலும்பு பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

கிரிப்டோஸ்போரிடியம் தொற்று

வளர்ப்போர் மிகவும் அஞ்சும் நோய் இதுவே. சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் வரானை என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி இதற்குக் காரணம். பழைய நூல்களில் இது கிரிப்டோஸ்போரிடியம் சாரோபிலம் எனக் குறிப்பிடப்படுகிறது. குடல் உணவை உறிஞ்ச முடியாமல் போவதால் பல்லி உண்டாலும் மெலியும். வால் குச்சிபோல் ஆகும். வயிற்றுப்போக்கு விட்டுவிட்டு வரும். சில பல்லிகள் அறிகுறி ஏதுமின்றி நோயைப் பரப்பிக்கொண்டிருக்கும்.

எச்சத்தில் கிருமி எப்போதும் வெளிப்படுவதில்லை என்பதால் ஒருமுறை சோதித்து இல்லை என்று வந்தால் அதை இறுதியாகக் கொள்ள முடியாது. பிசிஆர் சோதனையில் கிருமியின் இனத்தையும் பார்க்க வேண்டும். இரையின் குடலில் இருந்த வேறு இனம் பல்லியின் குடல்வழியே கடந்து எச்சத்தில் தென்படக்கூடும். பாரோமோமைசின் என்னும் மருந்து கிருமி வெளியேறுவதைக் குறைத்து நிலையைச் சற்றுத் தேற்றும். தொற்றை முழுவதும் நீக்குவதாக உறுதி இல்லை.

கிருமியின் கூடுகள் தடித்த உறை கொண்டவை. சாதாரண பிளீச்சிங் கரைசல் அவற்றைக் கொல்லாது. கொதிநீராவி, நன்கு உலர்த்துதல், அம்மோனியாக் கரைசல் ஆகியவை பயன்தரும். அம்மோனியாவையும் பிளீச்சையும் கலந்தால் நச்சுவாயு உண்டாகும் என்பதால் இரண்டையும் ஒருசேரக் கையாளக் கூடாது. மரம், தக்கை போன்ற நுண்துளைப் பொருள்களை எறிந்துவிடுவதே வழக்கம். பல பல்லிகள் உள்ள இடத்தில் தொற்று உறுதியான விலங்கு தனியறைக்கு மாற்றப்படும். அதன் கருவிகள் மற்றத் தொட்டிகளுக்குச் செல்லக் கூடாது. நலமான பல்லிகளைக் கவனித்து முடித்த பிறகே நோயுற்றதைத் தொட வேண்டும்.

பிற கடும் நோய்கள்

குடல் அடைப்பு: மணல், கால்சிய மணல், உடைத்த அக்ரூட் ஓடு ஆகியவற்றை இரையோடு விழுங்குவதால் வரும். கால்சியம் குறைந்த பல்லி மணலைத் தானாகவே நக்குவதும் உண்டு. வயிற்றுப்புறம் போதிய சூடு இல்லாவிட்டால் சாதாரண இரையும் செரியாமல் தேங்கும். எக்ஸ்ரே அடைப்பின் இடத்தைக் காட்டும். நீரேற்றமும் வெப்பமும் பல அடைப்புகளை இளக்கும். இளகாதவற்றுக்கு அறுவை தேவை.

தோலுரிப்புக் கோளாறும் கண் நோயும்: ஈரப்பதம் போதாதபோது பழைய தோல் விரல்களில் வளையமாக ஒட்டிக்கொண்டு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், விரல் கருகி விழும். இமைக்கு அடியில் தங்கிய தோலும் சீழும் கண்ணைக் கெடுக்கும். பார்வை போனால் இரை பிடிக்க முடியாது. கண்ணில் தொடங்கியது பட்டினியில் முடியும். வைட்டமின் ஏ குறைபாடும் இமை வீக்கத்துக்குக் காரணமாகலாம். குறைபாடு என ஊகித்து அந்த வைட்டமினைத் தாமாகவே அதிக அளவில் தருவது நச்சாகும்.

முட்டைத் தேக்கம்: இப்பல்லி ஓர் ஈட்டில் வழக்கமாக 2 முட்டைகள் இடும். கருமுட்டைகள் சூலகத்திலேயே தேங்கி வளர்வதும், உருவான முட்டை வெளிவராமல் சிக்குவதும் உயிருக்கு ஆபத்தானவை. ஆண் துணை இல்லாத பெண்ணுக்கும் இவை வரும். ஈரமான முட்டையிடும் பெட்டி இருந்தும், வயிறு பருத்த நிலையில் பல்லி சோர்ந்து கிடந்தால் மருத்துவமோ அறுவையோ தேவை.

மரபுவழி நோய்கள்: வண்ணத்துக்காக உருவாக்கப்பட்ட சில வகைகளோடு நோயும் சேர்ந்தே வந்தது. எனிக்மா வகையில் தலை சாய்தல், வட்டமிட்டுச் சுற்றுதல், வானத்தை வெறித்தல் ஆகிய நரம்புக் கோளாறுகள் காணப்படுகின்றன. லெமன் ஃப்ராஸ்ட் வகையின் வெண்மஞ்சள் நிறத்துக்கும், அதே நிறச்செல்களில் எழும் தோல் கட்டிகளுக்கும் ஸ்பின்ட்1 என்னும் மரபணு தொடர்புடையது என 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வகையில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டி வருகிறது. கட்டியை வெட்டினாலும் மீண்டும் எழக்கூடும் என்பதால் இத்தகைய பல்லிகளை இனப்பெருக்கம் செய்யாமல் விடுவதே தடுப்புமுறை.

வீட்டுப் பராமரிப்பு

மருத்துவரைச் சேரும்வரை செய்யவேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் வெப்பம், அடுத்து நீர், அதன் பிறகே உணவு. தொட்டியின் சூடான பக்கத்துத் தரை 32 முதல் 35 டிகிரி செல்சியஸும், மறுபக்கம் 24 முதல் 26 டிகிரியும் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத சூடேற்றித் தகடு வயிற்றைச் சுட்டுவிடும். தரையில் மணலை நீக்கி வெள்ளை டிஷ்யூ தாள் விரித்தால் எச்சத்தின் அளவும் நிறமும் தெரியும். இரு பக்கமும் மறைவிடமும், அவற்றுள் ஒன்றில் ஈரப்பாசியும் வேண்டும். உடன் வாழும் பல்லியைப் பிரித்துவிட வேண்டும்.

நீரிழப்பால் கண் குழிந்திருந்தால் மூக்கு நுனியில் ஒவ்வொரு சொட்டாக நீர் வைத்து நக்கவிடலாம். தோள்பட்டைக்கு மேல் எழாத இளஞ்சூட்டு நீரில் கால் மணிநேரம் நிறுத்தினால் ஒட்டிய தோல் இளகும். எச்சம் கழியவும் உதவும். குளிர்ந்து, நீர் வற்றிய உடலுக்குள் வலிந்து உணவைத் திணிப்பது தீங்கு: செரியாத உணவு குடலில் அழுகும், மூச்சுக்குழலிலும் புகலாம். நெடுநாள் பட்டினி கிடந்த பல்லிக்குத் திடீரென நிறைய ஊட்டினால் இரத்த உப்புகள் சீர்குலையும். ஊனுண்ணிகளுக்கான தூள் உணவை நீர்க்கக் கரைத்து, மருத்துவர் சொன்ன அளவில் சிறுகச் சிறுக ஏற்றுவதே முறை. எச்சத்துளையிலிருந்து தள்ளிய உறுப்பு உலர்ந்தால் அழியும். அதைச் சர்க்கரைக் கரைசலில் நனைத்த துணியால் மூடி வைத்து உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

மருத்துவம்

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வன பார்ப்பதில்லை. இத்துறை மருத்துவர்களுக்கான சர்வதேச அமைப்பான ஊர்வன, நீர்நில வாழ்வன கால்நடை மருத்துவர் சங்கம் 1991-இல் அமெரிக்காவில் தோன்றியது. மருத்துவரிடம் செல்லும்போது 24 மணிநேரத்துக்குள் கழித்த எச்சம், எடைக் குறிப்பு, தொட்டியின் படம், விளக்கு மற்றும் உணவின் விவரம் ஆகியவற்றைக் கொண்டுபோவது நோயறிதலை விரைவாக்கும். எச்சச் சோதனை, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டு, இரத்தச் சோதனை ஆகியவை வழக்கமானவை. ஊர்வனவற்றின் பின்னுடல் இரத்தம் சிறுநீரகம் வழியாகச் சென்று திரும்பக்கூடும் என்பதால், ஊசிகளை முன்னங்காலில் போடுவதே பொது வழக்கம். நாய், பூனை மருந்துகளை எடைக்கேற்பக் குறைத்துத் தருவது ஆபத்து. 60 கிராம் உடலில் ஒரு சொட்டு மிகுந்தாலும் அளவு பலமடங்காகும். தேறும் காலம் மாதக்கணக்கில் நீளலாம். வலிநீக்கி தேவையா என்பதும் சிகிச்சைத் திட்டத்தின் பகுதி.

மனிதருக்குப் பரவுதல்

நலமான பல்லியின் குடலிலும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம். நோயுற்ற பல்லியை அடிக்கடி தொட்டு ஊட்ட நேர்வதால் அபாயம் கூடுகிறது. தொட்டபின் சோப்பால் கைகழுவுதல், தொட்டியைச் சமையலறையில் கழுவாதிருத்தல், சிரிஞ்சுகளைத் தனியே வைத்தல் ஆகியவை அடிப்படை விதிகள். ஐந்து வயதுக்குட்பட்டோரும், முதியோரும், நோய் எதிர்ப்பு குன்றியவர்களும் இப்பணியிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

வலியின்றி உயிர் நீக்குதல்

சிகிச்சைக்கு இடமின்றி, உண்ணவும் நகரவும் முடியாமல் பல்லி நலிந்துகொண்டே போனால் கருணை முடிவு முன்வைக்கப்படுகிறது. எடை தொடர்ந்து சரிவது, இரைமீது நாட்டமே இல்லாமை, வெப்பமும் நிழலும் தேடி இடம்மாறும் இயல்பு நின்றுபோவது ஆகியவை முடிவுக்கு உதவும் அளவுகோல்கள்.

உறைபெட்டியில் வைத்தால் உறங்குவதுபோல் இறந்துவிடும் என்ற நம்பிக்கை வளர்ப்போரிடையே பரவலாக உண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், இவ்வளவு எடையுள்ள விலங்கை உணர்வோடு உறையவைப்பதை ஏற்பதில்லை. ஊர்வனவற்றின் மூளை ஆக்சிஜன் குறைவை நெடுநேரம் தாங்குவதால், தலையைத் துண்டிப்பது மட்டும் உடனடியாக உணர்வை அணைத்துவிடாது. மருத்துவர் முதலில் மயக்கமருந்து செலுத்தி உணர்விழக்கச் செய்கிறார்; பிறகே உயிர்நீக்கும் மருந்து தரப்படுகிறது. மூளை இறந்த பின்னும் இதயம் நெடுநேரம் துடிக்கக்கூடும் என்பதால் இறப்பை உறுதிசெய்ய டாப்ளர் கருவி பயன்படுகிறது.

வீட்டில் வேறு பல்லிகள் இருந்தால் இறந்த உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது. உடலை உறையவைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விரைவில் ஒப்படைத்தால் திசுக்கள் சிதையாமல் இருக்கும். கிரிப்டோஸ்போரிடியம் தொற்று பல நேரங்களில் குடல் திசுவைப் பார்த்தே உறுதிப்படுகிறது. அந்த முடிவைப் பொறுத்தே மற்றப் பல்லிகளைச் சோதிப்பதா, தொட்டியை மீண்டும் பயன்படுத்துவதா, புதிய பல்லியைக் கொண்டுவருவதா என்பவை தீர்மானிக்கப்படுகின்றன.