எந்தப் பெயரால் அழைப்பது? – தமிழ் வேதாகமமும் அன்றாட வாசிப்பும்



நாள்தோறும் வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றிலும் இப்பழக்கம் உண்டு. இறைவனோடு உறவாடுவதே இவ்வாசிப்பின் நோக்கம். உறவென்றால் அழைப்பதற்கு ஒரு சொல் வேண்டும் அல்லவா? தமிழ் வேதாகமம் இறைவனை எச்சொல்லால் அழைத்தது என்பதற்கு முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

ஜெர்மானியரான சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம், சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். அது 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியிலேயே அச்சாகியது. கத்தோலிக்கக் குருமார்கள் முன்னரே வழங்கிய ‘சருவேசுரன்’ என்னும் சொல்லை அவரும் ஏற்றார். பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரை வந்தவர், 1719இல் தம் 36ஆம் வயதில் மறைந்தார். எஞ்சிய பகுதியைப் பெஞ்சமின் சுல்ட்சே முடித்தார்.

அடுத்து, சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பெப்ரிசியஸ் முழு வேதாகமத்தையும் புதிதாகச் செப்பனிட்டார். அவர் தேர்ந்த சொல் ‘பராபரன்’. அவருடைய மொழிபெயர்ப்பு மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதைப் பின்னர் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு ஒரு மொழிபெயர்ப்பை உருவாக்கினார். அது 1850இல் சென்னையில் வெளிவந்தது. நாவலரின் தமிழ்ப் புலமையைப் பற்றி ஆசிரியர்களாகிய நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சபையார் அதனை ஏற்கவில்லை. நாள்தோறும் வாசித்து, மனப்பாடமாகி, செபத்திலும் கலந்துவிட்ட சொற்களைக் கைவிட அவர்களுக்கு மனம் வரவில்லை.

இதன்பின் என்றி பவர் தலைமையில் ஒரு குழு பல ஆண்டுகள் உழைத்து 1871இல் முழு வேதாகமத்தை வெளியிட்டது. தமிழகத்தாரும் ஈழத்தாரும் ஒருங்கே ஏற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இதில்தான் ‘தேவன்’, ‘கர்த்தர்’ என்னும் சொற்கள் நிலைபெற்றன. தேவர்கள் பலருள் ஒருவர் என்று பொருள்பட்டுவிடுமோ எனத் தயங்கியவர்களும் இருந்தனர். பழக்கத்தில் அத்தயக்கம் மறைந்தது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் ‘கடவுள்’, ‘ஆண்டவர்’ என்னும் சொற்களைக் கொண்டது.

இவ்வரலாற்றின் தொடர்ச்சியை நம் லிட்டில் இந்தியாவின் அருகிலேயே கேட்கலாம். ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பப்பட்டு 1888இல் திறக்கப்பட்டது. 2005 முதல் அது தேசிய நினைவுச் சின்னம். சற்றுத் தொலைவில் ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இருக்கிறது. கத்தோலிக்கரின் தமிழ்த் திருப்பலியில் ‘ஆண்டவர்’ என்பர். சீர்திருத்த சபைகள் பெரும்பாலானவற்றில் ‘கர்த்தர்’ என்பர்.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். சிங்கப்பூர் இந்தியர்களுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 36.7 விழுக்காடு, 2020இல் 27.3 விழுக்காடு. பாட்டி தமிழில் செபிக்கிறார். பேரன் ஆங்கிலத்தில் செபிக்கிறான். ஆங்கிலத்தில் செபிக்கும் பிள்ளையின் பக்தி குறைந்தது என்று நான் கூறமாட்டேன். இறைவனுக்கு எம்மொழியும் புரியும். ஆனால் பாட்டியின் செபம் பேரனுக்குப் புரிவதில்லை. தனக்காக அவர் எதை வேண்டிக்கொள்கிறார் என்பதை அறியாமலேயே அவன் வளர்கிறான். இதுவே எனக்குக் கவலையளிக்கிறது.

வகுப்பறையில் நான் எச்சமய நூலையும் கற்பிப்பதில்லை, கற்பிக்கவும் கூடாது. அது வீட்டின் பணி. ஆயினும் மொழியாசிரியை என்ற முறையில் ஒன்று கூறலாம். இரக்கம், மன்னிப்பு, நன்றி, அடைக்கலம் போன்ற சொற்களைப் பாடநூலில் பிள்ளைகள் பொருளறிந்து படிக்கிறார்கள். வீட்டு வாசிப்பிலோ, தாம் நேசிப்பவரின் குரலில் கேட்கிறார்கள். அவ்வாறு கேட்ட சொல் எளிதில் மறப்பதில்லை.

“வேதாகமத் தமிழ் கடினம், பிள்ளைக்குப் புரியாது” என்று பெற்றோர் சிலர் தயங்குகின்றனர். ‘பராபரனும்’ ‘தேவனும்’ வேரூன்றியது அன்றாட வாசிப்பினால்தான் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து வசனங்கள் போதும். பாட்டி ஒன்றும் பேரன் ஒன்றுமாக மாறிமாறி உரக்க வாசிக்கட்டும். புரியாத சொல்லைப் பாட்டி விளக்கட்டும். அவர் விளக்கத்தைப் பேரன் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கட்டும். தேவாரம் ஓதும் இல்லங்களுக்கும், குர்ஆனின் தமிழாக்கத்தை வாசிக்கும் இல்லங்களுக்கும் இது பொருந்தும். இன்றிரவே ஐந்து வசனங்களோடு தொடங்கிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை