‘அபே’ – ஒரு பிரெஞ்சுச் சமயப் பட்டத்தின் சொல் வரலாறு

1. முன்னுரை

பிரெஞ்சு வரலாற்று நூல்களைப் படிப்போர் ‘அபே’ என்னும் பட்டத்தை அடிக்கடி காண்கின்றனர். அபே சியேஸ், அபே கிரேகுவார், அபே துபுவா எனப் பலர் இப்பட்டத்தால் அறியப்படுகின்றனர். அகராதிகள் இதற்கு ‘மடத்தலைவர்’ என்று முதற்பொருள் கூறும். ஆனால் மேற்சுட்டிய மூவரும் மடத்தலைவர்களாக இருந்தவர் அல்லர். அகராதிப் பொருளுக்கும் வழக்குக்கும் இடையே இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொற்பிறப்பு

இச்சொல்லின் மூலம் ‘தந்தை’ எனப் பொருள்படும் ‘அப்பா’ (ஒலிப்புடைப் பகரம்) என்னும் அரமேயச் சொல். புதிய ஏற்பாட்டில் இது மூன்று இடங்களில் வருகின்றது. மூன்றிலும் ‘தந்தை’ என்னும் கிரேக்கச் சொல் உடன் நிற்கின்றது. எகிப்து, பாலஸ்தீனப் பாலைநிலத் துறவியர் தம் மூத்தோரை இச்சொல்லால் அழைத்தனர். இறைவனையன்றி மண்ணில் எவரையும் தந்தை என அழைத்தலாகாது என்னும் நற்செய்தி வாசகத்தை எடுத்துக்காட்டி, ஜெரோம் இவ்வழக்கை ஐயுற்றார். எனினும் வழக்கு நிலைத்தது. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்கின் இரண்டாம் இயல் மடத்தலைவரின் இயல்புகளை வரையறுத்து, இப்பெயருக்கு விளக்கமும் தருகின்றது.

இலத்தீனில் எழுவாய் வடிவம் ‘அப்பாஸ்’. இரண்டாம் வேற்றுமை வடிவம் ‘அப்பாத்தெம்’. பிரெஞ்சுப் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்தே தோன்றின. ‘சீவித்தாத்தெம்’ என்பது ‘சித்தே’ ஆனாற்போல ‘அப்பாத்தெம்’ என்பதும் ஈறு கெட்டு ‘அபே’ ஆயிற்று. ஆங்கில ‘அபட்’, ஜெர்மானிய ‘அப்ட்’, ஸ்பானிய ‘அபாத்’ ஆகியனவும் இவ்விலத்தீன் சொல்லின் வழிவந்தனவே.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழ் ‘அப்பா’வுடன் உள்ள ஒலியொப்புமை கொண்டு இரண்டையும் ஒரே மூலத்தன எனக் கூறுதல் பொருந்தாது. இதழொலிகளும் அகர உயிரும் குழந்தைகள் முதலில் ஒலிக்கும் ஒலிகளுள் அடங்கும். ஆதலின் பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் தொடர்பற்ற மொழிகளிலும் ஒத்து அமைகின்றன. இதனை ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார். எனினும் பொருள் வளர்ச்சி ஒப்புநோக்கத்தக்கது. திருநாவுக்கரசர் ‘அப்பர்’ என வழங்கப்பட்டதிலும் உறவுப்பெயரே சமய மதிப்புப் பெயராயிற்று.

3. பொருள் விரிவு

பொருள் மாற்றத்திற்கு அரசியலும் பொருளியலும் காரணமாயின. இடைக்காலத்திலேயே துறவு பூணாத பிரபுக்கள் சிலர் மடங்களின் தலைமையைப் பெற்றிருந்தனர். அரசர் ஊக் கப்பேயும் அவ்வாறு பெற்றவரே. 1516இல் முதலாம் பிரான்சுவா அரசருக்கும் பத்தாம் லியோ போப்பாண்டவருக்கும் ஏற்பட்ட பொலோனா உடன்படிக்கை, மடத்தலைவர் பலரை முன்மொழியும் உரிமையை அரசருக்கு அளித்தது. இவ்வாறு அமர்த்தப்பட்டோர் மடத்தில் வாழாமலே அதன் வருவாயில் பங்கு பெற்றனர். மடத்தின் அன்றாட ஆட்சியைத் துணைத்தலைவர் நடத்தினார். பட்டம் பணியிலிருந்து பிரிந்தது இங்கேதான்.

அடுத்த நிலையில், இத்தகைய வருவாயை எதிர்நோக்கிய இளைஞர்களும் இப்பட்டத்தைச் சூடிக்கொண்டனர். முடிமழித்தல் சடங்கு மட்டும் பெற்று, குருப்பட்டம் பெறாத பலர் குறுங்கழுத்துப் பட்டையும் கருநிற உடையும் அணிந்து பிரபுக்களின் இல்லங்களில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கியம் எள்ளி நகையாடும் ‘அபே’ இவரே.

புரட்சி இவ்வமைப்பைக் குலைத்தது. 1789 நவம்பரில் திருச்சபைச் சொத்துகள் நாட்டுடைமையாயின; 1790 பிப்ரவரியில் துறவற வாக்குறுதிகளுக்குச் சட்ட ஏற்பு நீக்கப்பட்டது. மடங்கள் மறைந்தும் பட்டம் மறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது துறவற சபை சாராத மறைமாவட்டக் குருக்கள் அனைவர்க்கும் உரிய பொது மதிப்புப் பெயராயிற்று. பங்கின் பொறுப்பைக் குறிக்கும் ‘குரே’ பதவிப்பெயர். ‘அபே’ விளிப்பெயர் என்னும் வேறுபாடு கருதத்தக்கது.

4. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

1789இல் மூன்றாம் வகுப்பினரைப் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்ட சியேஸ் மறைமாவட்டக் குரு. 1794இல் வட்டார மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பரப்புதல் பற்றி அறிக்கை அளித்த கிரேகுவார், பங்குக் குருவாக இருந்து 1791இல் ஆயரானவர். ஆயினும் வரலாறு அவரை ‘அபே’ என்றே நினைவுகூர்கின்றது. தமிழகத்திலும் மைசூரிலும் பணியாற்றி 1823இல் இந்தியாவை விட்டு நீங்கிய துபுவா, பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிக் கழகத்துக் குரு. இவர்களை ‘மடாதிபதி’ எனத் தமிழாக்குவது சொற்பிழையன்று, வரலாற்றுப் பிழை. இல்லாத மடமும் சொத்தும் அவர்மேல் ஏற்றப்படுகின்றன. காலம் நோக்கி, மடத்தலைவரைக் குறிக்குமிடத்து ‘மடத்தலைவர்’ என்றும், ஏனைய இடங்களில் ‘அபே’ என்றோ ‘அருட்தந்தை’ என்றோ வழங்குவதே தகும்.

5. முடிவுரை

தந்தை, மடத்தலைவர், வருவாய் பெறுவோர், குரு எனப் பொருள் மாறிய இச்சொல்லில் முதற்பொருள் மறைந்துபோயிற்று. அதனால் உண்மையான மடத்தலைவரைப் பிரெஞ்சு மக்கள் இன்று ‘பேர் அபே’ என்பர். ‘பேர்’ என்பதும் தந்தையே. புதிய ஏற்பாட்டில் அரமேயச் சொல்லின் பக்கத்தில் கிரேக்கச் சொல் நின்றாற்போல, பொருள் மங்கிய தந்தைக்கு விளக்கமாக மற்றொரு தந்தை வந்து நிற்கின்றது.