பல்கலைக்கழக அனுமதியும் பிரதேச ஏற்றத்தாழ்வும்: கனமூலையிலிருந்து ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழரின் அரசியற் சொல்வழக்கில் 'தரப்படுத்தல்' என்பது வெறும் கல்வித்துறைச் சொல்லன்று. 1970களில் மேடைப் பேச்சிலும் துண்டுப்பிரசுரத்திலும் புனைகதையிலும் இடம்பெற்று, ஒரு தலைமுறையின் மனக்கொதிப்பைத் தாங்கி நின்ற சொல் அது. ஆயின், அச்சொல்லின் பொருள் இன்றுவரை தெளிவாக வரையறுக்கப்படாமலே வழங்கிவருகின்றது. மொழிமூலத்தை அடிப்படையாகக் கொண்டு புள்ளிகளை மாற்றியமைத்த ஏற்பாடும், மாவட்டங்களுக்கு இடங்களைப் பங்கிட்ட ஏற்பாடும் அவ்வொரே சொல்லுள் அடக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டும் தோற்றத்தாலும் தர்க்கத்தாலும் விளைவாலும் வேறானவை. அவ்வேறுபாடு யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ நோக்குமிடத்து எளிதிற் புலப்படுவதில்லை. புத்தளக் கரையோரத்துக் கனமூலையிலிருந்து நோக்குமிடத்து அது தெளிவாகப் புலப்படுகின்றது.

கனமூலை மதுரங்குளியை அண்டிய தமிழ்பேசும் முஸ்லிம் கிராமமாகும். சிலாபம் முதல் கற்பிட்டி வரையான இக்கரையோரத்தில் ஒரு காலத்திற் பரவலாயிருந்த தமிழ், கத்தோலிக்க மீனவர் குடியிருப்புகள் பலவற்றிலே பாடசாலையின் மொழி மாறியதோடு படிப்படியாக அருகியது. இன்று இம்மாவட்டத்தில் தமிழ்மொழிமூலக் கல்வி பெரும்பாலும் முஸ்லிம் கிராமங்களையும் உடப்பு போன்ற சில இந்துக் கிராமங்களையும் சார்ந்தே நிலைபெற்றுள்ளது. எனவே, கனமூலை மாணவர் ஒருவர் மொழியால் யாழ்ப்பாண மாணவரோடும், மாவட்டத்தால் சிலாபம், வென்னப்புவைச் சிங்கள மாணவரோடும் ஒரே கணக்கில் வைக்கப்படுகின்றார். அவரது வாழ்நிலையோ இவ்விரு சாராரதும் வாழ்நிலையன்று. அனுமதிக் கொள்கையின் உள்முரண்பாடுகள் யாவும் அவரிடத்தே வந்து சந்திக்கின்றன.

இப்பிரச்சினையின் வேர்களைச் சற்றுப் பின்னோக்கிக் காணுதல் வேண்டும். 1921இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியும், அதன் வழிவந்து 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகமும் ஆங்கிலம் கற்ற மிகச் சிறுபான்மையோருக்கே வாயில் திறந்தன. ஆங்கிலப் பாடசாலையிற் கட்டணம் செலுத்திக் கற்கும் வசதியே அந்நாளில் முதலாவது தெரிவுப் பரீட்சையாக இருந்தது. அப்பரீட்சையை எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தவில்லை; சமூகமே நடத்தியது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மத்திய பாடசாலைகளும் கிராமப்புறத்துக்கு வழிதிறந்தன. 1960ஆம் ஆண்டளவிற் கலைத்துறையில் சுயமொழிக் கல்வி பல்கலைக்கழகத்தை எட்டியபோது அவ்வழி விரிந்தது.

ஆயின், விரிந்தது கலைத்துறை மட்டுமே. மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் இடங்கள் மிகச் சிலவாகவே இருந்தன. கலைப்பட்டதாரிகள் தொழிலின்றித் திரிந்த காலத்தில் விஞ்ஞானப் பட்டமே உறுதியான தொழிலுக்கு வழி என்ற நிலை உருவாயிற்று. சுயமொழியிற் கற்றுத் தொழில்வாய்ப்பற்று நின்ற சிங்களக் கிராமப்புற இளைஞரின் கொந்தளிப்பு 1971 ஏப்ரலில் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. அனுமதிப் போராட்டம் இனப் போராட்டமாக உருக்கொண்டது இந்தப் பொருளாதார நெருக்கடியின் பின்னணியிலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1969இற் பொறியியல், மருத்துவம் ஆகிய இரு துறைகளிலும் அனுமதி பெற்றோரில் ஏறத்தாழ அரைவாசியினர் தமிழராயிருந்தனர். இதனை இன ஆற்றலின் சான்றாகக் கொள்வோரும் இனச் சதியின் சான்றாகக் கொள்வோரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் மிஷனரிமாரும், அவர்களுக்கு எதிர்வினையாகச் சைவ நிறுவனங்களும் யாழ்ப்பாணத்திற் கட்டியெழுப்பிய பாடசாலைகளும், அவற்றின் ஆய்வுகூடங்களும் ஆசிரியர் மரபுமே அவ்விகிதத்துக்குக் காரணமாயின. நிலவளமும் தொழில்வளமும் குறைந்த குடாநாட்டில் அரச உத்தியோகமே மத்தியதர வர்க்கத்தின் முதலீடாக இருந்தமை அதற்கு உந்துதல் அளித்தது. அக்குடாநாட்டினுள்ளேயே ஒடுக்கப்பட்ட சாதியினர் பாடசாலை வாயிலிற் போராட வேண்டியிருந்தது. மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் மலையகத்துக்கும் புத்தளத்துக்கும் அப்பாடசாலை மரபு கிட்டவில்லை. 'தமிழர் வீதம்' என்ற எண் இந்த வேறுபாடுகளை மறைத்துக்கொண்டே பேசப்பட்டது.

தமிழ்மொழிமூல விடைத்தாள்களுக்குப் பரீட்சகர்கள் தாராளமாகப் புள்ளி வழங்கினர் என்ற குற்றச்சாட்டு 1970இல் எழுந்தது, அது நிறுவப்படவில்லை. ஆயினும், 1971ஆம் ஆண்டு அனுமதியில் மொழிமூலத்துக்கேற்ப வேறுபட்ட வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டன. மருத்துவத்துக்குத் தமிழ்மொழிமூல மாணவர் 400இற்கு 250 புள்ளி பெறவேண்டியிருக்க, சிங்களமொழிமூல மாணவருக்கு 229 போதுமானதாயிற்று. பொறியியலில் இவை முறையே 250, 227 ஆகும். 1973இல் இவ்வேற்பாடு புள்ளியியற் போர்வை பெற்றது. ஒவ்வொரு மொழிமூலத்தினதும் புள்ளிகள் பாடவாரியாக ஒரு பொதுச் சராசரிக்கும் பொது நியம விலகலுக்கும் இயைய மாற்றப்பட்டன. இதுவே உரிய பொருளிற் தரப்படுத்தலாகும்.

இம்முறையின் கீழ் ஒரு மாணவரின் பெறுபேறு, அவரது மொழிமூலத்தின் சராசரியிலிருந்து அவர் எவ்வளவு தூரம் உயர்ந்து நின்றார் என்பதைப் பொறுத்தது. தமிழ்மொழிமூல விஞ்ஞானப் பாடங்களின் சராசரியை உயர்த்தி வைத்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைகளின் மாணவரே. அந்தச் சராசரிகொண்டே புத்தளத்துத் தமிழ்மொழிமூல மாணவரும் அளக்கப்பட்டார். ஆய்வுகூடத்தைக் காணாதவர், ஆய்வுகூடம் நிறைந்த பாடசாலையின் பெயரால் தண்டிக்கப்பட்டார். பின்தங்கியோரை உயர்த்துவதற்காகவே தரப்படுத்தல் வந்தது என்ற வாதத்தைக் கனமூலை போன்ற கிராமங்களின் நிலை ஒன்றே மறுத்துவிடுகின்றது. பின்தங்கிய நிலையை அளக்கும் கோல் அதனிடம் இருக்கவில்லை. இருந்தது மொழியை அளக்கும் கோல் மட்டுமே.

1974இல் இதன்மீது மாவட்ட ஒதுக்கீடு சேர்க்கப்பட்டது. குடிசனத் தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கு இடங்கள் பங்கிடப்பட்டன. இதன் தர்க்கம் வேறு. எவ்விடத்திற் கற்றார் என்பதை, குறைபாட்டோடேனும், அது கருத்திற் கொண்டது. இரண்டு ஏற்பாடுகளும் ஒருங்கே இயங்கிய 1974இற் பொறியியலில் தமிழர் வீதம் ஏறத்தாழ 16 ஆகச் சரிந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தோடு கொழும்பு மாவட்டமும் இடங்களை இழந்தது. கண்டிய மாவட்டங்களின் சிங்களவரும் முஸ்லிம்களும் ஓரளவு நன்மையடைந்தனர். முந்திய ஆண்டில் மொழியின் பெயரால் தாழ்த்தப்பட்ட புத்தளத்துத் தமிழ்மொழிமூல மாணவருக்கு, இவ்வாண்டில் மாவட்டத்தின் பெயரால் ஒரு வழி திறந்தது. இரண்டையும் 'தரப்படுத்தல்' என்ற ஒரே சொல்லால் கண்டித்த தமிழ் அரசியல், தன் மொழியைப் பேசிய இம்மாணவரைத் தன் கணக்கிற் சேர்த்துக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் இழப்பு உண்மையானது; மொழிவாரி வெட்டுப்புள்ளி அப்பட்டமான அநீதி. ஆயினும், அவ்விழப்பே தமிழ்பேசும் மக்கள் அனைவரினதும் அனுபவமாக எழுதப்பட்டமை வரலாற்றுக் குறைபாடாகும்.

பின்னர் விகிதங்கள் பலமுறை மாறின. 1977இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட்டது. 1979இல் 30 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் 1980இல் இம்முறையை ஏற்றுக்கொண்டது. பின்னர் 40, 55, 5 என்ற பங்கீடு நிலைபெற்றது. 2001 முதல் வழங்கும் இசட் புள்ளி முறை பாடங்களுக்கிடையிலான கடினவேறுபாட்டைச் சமப்படுத்துவது. பழைய மொழிவாரித் தரப்படுத்தலோடு அதனைக் குழப்புதல் தகாது. அண்டை நாட்டிலே, சென்னை மாநிலம் மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிட்டதை இந்திய உச்ச நீதிமன்றம் 1968இல் ராஜேந்திரன் வழக்கிற் செல்லாததாக்கியது. மாவட்டம் என்ற அலகு பின்தங்கிய நிலையின் நியாயமான அளவுகோல்தானா என்ற வினா இவ்வகையில் இரு நாடுகளுக்கும் பொதுவானது.

இவ்வினாவுக்குப் புத்தளம் தெளிவான விடை தருகின்றது. பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. ஆனால் அது ஒருபடித்தான மாவட்டமன்று. தெற்கே சிலாபம், மாரவில, வென்னப்புவைப் பகுதி தென்னைச் செல்வமும், கத்தோலிக்கத் திருச்சபை வளர்த்த பாடசாலை மரபும், நீர்கொழும்பின் அண்மையும் பெற்றது. வடக்கே கடல்நீரேரியைச் சூழ்ந்த கிராமங்களுக்கு மீன்பிடியும் சிறுபயிர்ச் செய்கையும் கூலியுழைப்புமே வாழ்வு. கல்வி நிர்வாகமும் சிலாபம், புத்தளம் என்னும் இரு வலயங்களாகவே மாவட்டத்தைப் பிரித்துள்ளது. அனுமதிக் கணக்கில் மட்டும் இவ்விரண்டும் ஒன்று. மாவட்டத்துக்குக் கிடைக்கும் இடத்தை யார் பெறுவர் என்பதை, உயர்தர விஞ்ஞானப் பிரிவு எப்பாடசாலையில் உள்ளது என்பதே தீர்மானிக்கின்றது. நாட்டின் அரச பாடசாலைகளில் அப்பிரிவைக் கொண்ட 1ஏபி வகைப் பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே. அப்பிரிவு இல்லாத கிராமத்து மாணவருக்கு மருத்துவ, பொறியியல் ஒதுக்கீடு காகிதத்தில் மட்டுமே உரியது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். அவர்களின் பிள்ளைகள் இங்கேயே கற்றுப் பரீட்சைக்குத் தோற்றியபோது, புத்தளத்தின் இடங்களை வந்தோர் கொண்டுபோகின்றனர் என்ற மனக்கசப்பு உள்ளூரில் எழுந்தது. ஒரே மொழியும் ஒரே மதமும் உடைய வறியோர் இரு சாராரும், அளவிற் சிறிய ஒரு பங்கின்பொருட்டு ஒருவரையொருவர் ஐயுற நேர்ந்தது. 1970களில் இனங்களுக்கிடையே நிகழ்ந்ததே இங்கு சிற்றளவில் மீண்டும் நிகழ்ந்தது. பற்றாக்குறையைப் பங்கிடும் சூத்திரம், பங்கு கேட்போரைப் பகைவராக்கும் இயல்பினது. அப்பற்றாக்குறையை உண்டாக்கியவர்கள் அப்பகைமையின் மறைவில் நின்றுவிடுகின்றனர்.

உயர்தரத்திற் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் மூன்றில் ஒருவருக்கும் குறைவானோரே இன்று அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெறுகின்றனர். இந்நிலையில் மாவட்ட ஒதுக்கீட்டை நீக்கித் 'தூய திறமை'க்குத் திரும்புதல் வேண்டும் என்போர், திறமை எப்பாடசாலையில் எவ்வளவு செலவில் உருவாகின்றது என்பதைச் சொல்லாது விடுகின்றனர். ஒதுக்கீடு வேண்டும், ஆனால் அதன் அலகு மாவட்டத்திலிருந்து பாடசாலைக்கு இறங்குதல் வேண்டும். தமிழ்நாடு 2020இல் அரச பாடசாலைகளிற் கற்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 வீதம் ஒதுக்கியமை இத்திசையிலான முயற்சியாகும். அங்கு கேட்கப்பட்ட கேள்வி, மாணவர் எம்மாவட்டத்தார் என்பதன்று. எத்தகைய வகுப்பறையிலிருந்து வருகின்றார் என்பதேயாகும். இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பாடசாலைகளும் அரச பாடசாலைகளே ஆதலின், அவ்வேற்பாட்டை அப்படியே இங்கு பெயர்த்து நடமுடியாது. விஞ்ஞானப் பிரிவு, ஆய்வுகூடம், பாட ஆசிரியர் ஆகியவற்றின் இருப்பைக்கொண்டு பாடசாலைகளைத் தரம் வகுத்து, அதனை அனுமதியோடு இணைத்தல் இங்கு பொருந்தும். அவற்றை இல்லாத இடத்தில் உண்டாக்குவதற்கான செலவே இவை யாவற்றுக்கும் முந்தியது.

'தரப்படுத்தல்' பற்றிய நமது எழுத்து இனிமேலாவது அச்சொல்லைப் பகுத்து ஆளுதல் வேண்டும். மொழியின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதியை அநீதியென்றே சொல்லுவோம். அதேவேளை, அவ்வநீதியின் நினைவைக் கொண்டு பின்தங்கிய பிரதேசங்களின் உரிமைக் கோரிக்கையை மறைக்காதிருத்தலும் நமது கடமையாகும். கனமூலையின் மாணவர் தமிழ்மொழிமூலத்தவராக ஒருமுறையும், புத்தளத்தவராக மறுமுறையும் எண்ணப்பட்டுள்ளார். விஞ்ஞான வகுப்பு எட்டாத ஏழை உழைப்பாளியின் பிள்ளையாக அவர் இன்னும் எண்ணப்படவில்லை. அக்கணக்கு எடுக்கப்படும்வரை அனுமதிச் சூத்திரங்கள் எத்தனை முறை திருத்தப்படினும், அவை அவரது வாயிலுக்கு வந்து சேரா.