வாசல் ஒன்று, அறை வேறு

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. 1957-ல் அங்கே கோபால்ட்-60 கருவி வந்தது. அது வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சும் வழி. கதிரை மருந்தோடு சேர்த்து உடம்புக்குள் அனுப்புவது இன்னொரு வழி. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

நியூரோபிளாஸ்டோமா பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் நரம்புக் கட்டி. அட்ரினல் சுரப்பியில்தான் அதிகம் தொடங்கும். பரிவு நரம்புகள் நார்அட்ரினலினை வெளியே விட்டு, மிச்சத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கென்று செல் சவ்வில் ஒரு புரத வாசல் உண்டு. புற்றாக மாறிய பிறகும் பெரும்பாலான கட்டிகளில் அந்த வாசல் அடைபடுவதில்லை.

1980 வாக்கில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் வீலண்ட் குழு எம்ஐபிஜி என்ற மருந்தைச் செய்தது. குவானெத்திடின் என்ற பழைய ரத்தக்கொதிப்பு மாத்திரையின் உறவுக்காரன். நார்அட்ரினலின் மாதிரியே வேஷம் போட்டு அதே வாசல் வழியாக நுழைந்துவிடும். அதில் அயோடின்-131 கோர்த்தால், ஓரிரு மில்லிமீட்டருக்குள்ளேயே அடங்கும் பீட்டா கதிர் கட்டியைத் தாக்கும்.

சரி, நுழைந்த மருந்து எங்கே தங்குகிறது? இங்கேதான் நம்ம ஊர் சர்ப்பகந்தா வருகிறது. அதன் வேரிலிருந்து 1952-ல் பிரித்தெடுத்த ரெசர்பின், செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பைகளில் சரக்கு ஏறவிடாது. அட்ரினலின் இன்னொரு கட்டியான ஃபியோகுரோமோசைட்டோமா வகைச் செல்களில் ரெசர்பின் கொடுத்தால் எம்ஐபிஜி வெளியேறிவிடும். நியூரோபிளாஸ்டோமா செல்களிலோ பெரிய மாற்றமில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஸ்மெட்ஸ் குழு 1990 வாக்கில் இதைக் காட்டியது. அப்படியென்றால் மருந்து பைகளில் இல்லை. செல்லுக்குள் சும்மா கிடக்கிறது, கசிகிறது, கசிந்ததை அதே வாசல் மறுபடி இழுத்துக்கொள்கிறது. ஓட்டைக் குடத்தில் விடாமல் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள். அதுவரை குடம் நிறைந்திருக்க வேண்டும் என்றால் வாசல் திறந்தே இருக்கணும். சளிக்கு மூக்கடைப்பு நீக்கத் தரும் சூடோஎஃபெட்ரின், சில மனச்சோர்வு மாத்திரைகள், லாபெடலால் எல்லாம் இந்த வாசலில் குறுக்கே நிற்பவை. அதனால்தான் ஸ்கேனுக்கோ சிகிச்சைக்கோ முன்னால் டாக்டர்கள் மருந்துப் பட்டியல் முழுதையும் கேட்கிறார்கள். தைராய்டு அயோடினை விழுங்காமலிருக்க முன்கூட்டியே சாதாரண அயோடினும் தருவார்கள்.

குழந்தைக்குச் சளி மருந்து கொடுத்தது சின்ன விஷயம் என்று சொல்லாமல் விட்டுடாதீங்க. ஸ்கேனில் கட்டி தெரியாமலே போகலாம்.