ஜாம் போத்தல் விளக்கும் ஊர்க் கிணறும்

பிள்ளையைப் பிடித்தால் வீட்டைப் பிடிக்கலாம் என்ற எண்ணம் இந்த நாட்டில் நூறு வருடங்களுக்கு மேற்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் துணையோடு இலங்கைப் பாடசாலைகளில் தோட்டங்கள் உண்டாக்கப்பட்டன. சி. டிறீபேர்க் என்பவர் அவற்றின் மேற்பார்வையாளராக இருந்தார். பாடசாலைப் பாத்தியில் விளைந்த புதிய மரக்கறியின் விதை பிள்ளையின் கையோடு வீட்டுக்குப் போகும், தகப்பன் அதைத் தன் வளவில் ஊன்றுவான், இப்படியே கிராமம் திருந்தும் என்பது அன்றைய உத்தியோகத்தர்களின் கணக்கு. எங்கள் பக்கத்துச் செம்மண் தோட்டக்காரனிடம் இந்தக் கணக்கு செல்லுபடியாகியிருக்காது என்பது என் எண்ணம். கல்லைப் பிளந்து கிணறு வெட்டி, கைப்பிடி மண்ணையும் சும்மா விடாமல் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் மாறி மாறிச் செய்தவனுக்குப் பாடசாலைப் பாத்தி சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை.

ஆனாலும் அந்த எண்ணம் சாகவில்லை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1981இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை தோன்றியது. பின்னர் அது பாடசாலைகளில் சுற்றாடல் முன்னோடிப் படையணியை உருவாக்கிப் பிள்ளைகளுக்குப் பதக்கங்களும் வழங்கி வருகிறது. ஆரம்ப வகுப்புகளில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடமே உண்டு. ஆசிரிய கலாசாலையில் எங்களுக்கும் இதைத்தான் படிப்பித்தார்கள்: பாடம் வகுப்பறையோடு முடியக்கூடாது, பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நான் உரும்பிராயில் பல வருடங்களாகச் சிறு வகுப்புகளுக்குப் படிப்பிப்பவன். பிள்ளைகள் கொண்டுபோவதையும் கண்டிருக்கிறேன், படலையடியில் போட்டுவிட்டுப் போவதையும் கண்டிருக்கிறேன். உண்மையிலேயே பிள்ளைகள் வீட்டின் போக்கை மாற்றிய காலம் ஒன்று எங்கள் மண்ணில் இருந்ததா என்று தேடினால், எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒரு காலத்துக்குத்தான் நான் போக வேண்டியிருக்கிறது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பெற்றோல், சவர்க்காரம், பற்றரி, யூரியா என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. அந்த ஒக்டோபரின் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதை இச்சஞ்சிகையின் வாசகருக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. நான் கீழே எழுதும் சிக்கனத்தின் கதையில் அவர்களுடைய பிள்ளைகள் இல்லை. அவர்கள் அதே மண்ணெண்ணெய் விளக்கைப் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் தலைமுறையின் விளக்கு ஜாம் போத்தல் விளக்கு. அதைப் பார்த்திராத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையுமளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப் வால்வின் உலோகக் குழலுக்குள் நூல்திரியைச் செருகி, ஒரு கம்பியில் மாட்டி உள்ளே இறக்கிவிட்டால் சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியும். தனியாகச் சிமினி வேண்டாம், காற்றுக்கும் இலேசில் அணையாது. எண்ணெய் ததும்புவதில்லை என்பதால் தட்டுப்பட்டு விழுந்தாலும் பாய் பற்றிக்கொள்ளும் பயம் குறைவு. அரிக்கன் லாம்பு ஓரிரவில் குடிக்கும் எண்ணெயில் இது பல இரவுகள் எரியும்.

இந்த விளக்கை வீடுகளில் செய்தது யார் என்பதுதான் எனக்கு முக்கியம். பெரும்பாலும் நாங்கள்தான். எந்த வால்வு பொருந்தும், திரியை எவ்வளவு வெளியே விட்டால் புகையாது என்பதெல்லாம் வகுப்பறையில் வாங்கு மாறி வாங்கு பரவிய செய்தி. புலமைப்பரிசிலுக்கும் சாதாரண தரத்துக்கும் படித்தவர்கள் நாங்கள், ஆகவே இரவு வெளிச்சம் எங்களுடைய தேவை. அந்த வெளிச்சத்துக்கான எண்ணெயைக் காப்பாற்ற, குசினியில் வீணாக எரிந்த விளக்கை ஊதி அணைத்ததும் நாங்கள்தான். "கதைக்கிறதுக்கு வெளிச்சம் எதுக்கம்மா" என்று என் அக்கா கேட்டதும் அம்மா சிரித்துக்கொண்டே இருட்டில் வெங்காயம் உரித்ததும் நினைவிருக்கிறது. தாய் தகப்பனுக்குப் பிள்ளை கட்டளையிட, அவர்கள் கேட்டு நடந்த காலம் அது. தேவையின் பக்கம் பிள்ளை நின்றதால் அந்தக் கட்டளைக்கு மரியாதை இருந்தது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் பிறக்கும் மின்சாரம் வானொலிக்குப் போதும். பெரியவர்கள் பிபிசி தமிழோசை கேட்பார்கள், சுற்றுவது சிறுவர்களின் வேலை. கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். மின்சாரம் என்பது உழைப்பு என்று நான் படித்தது அங்கேதான். பின்னாளில் விஞ்ஞானப் புத்தகத்தில் சக்தி மாற்றம் என்ற தலைப்பைக் கண்டபோது அது எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

உடுப்புத் தோய்க்கப் பனம்பழம் வந்தது. பழத்தைப் பிசைந்து களியில் ஊறவைத்து அலசுவது எங்கள் ஆச்சிமாருக்குத் தெரிந்த பழைய முறை. வெள்ளைச் சட்டை இலேசான மஞ்சளாகிப் பனம்பழ வாசத்தோடு பள்ளிக்கூடம் வரும், மாடு மோப்பம் பிடித்துப் பின்னால் வரும் என்று பகிடி பண்ணுவோம். இலுப்பெண்ணெய் விளக்கும் சில வீடுகளில் திரும்பி வந்தது. பத்திரிகைகள் கிடைத்த தாளிலெல்லாம் அச்சாகின. ஒரு கொப்பியின் மட்டையைக்கூட நாங்கள் வீசவில்லை.

தோட்டத்தில்தான் பெரிய மாற்றம். யூரியா இல்லை. ஆகவே பூவரசங்குழையும் வேப்பங்குழையும் வெட்டித் தாழ்த்தினார்கள். பனையோலை தாழ்த்தினார்கள். மாட்டுப்பட்டி, ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து வேலியில் குழை முறித்ததும், ஒழுங்கையில் சாணகம் பொறுக்கியதும் எங்கள் வயதுப் பிள்ளைகளே. இறைப்பு மிஷினுக்கு எண்ணெய் கிடைப்பது அரிதானதால் ஒவ்வொரு இறைப்பும் எண்ணி எண்ணி நடந்தது.

இதையெல்லாம் எழுதும்போது ஓர் எச்சரிக்கையும் எழுதவேண்டும். அந்தக் காலத்தைப் பசுமைக் காலம் என்று கொண்டாடுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மருந்தில்லாமல் செத்தவர்கள் இருந்த காலம் அது. பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் எண்ணிலடங்காப் பனைகள் விழுந்த காலமும் அதுவே. பனை அபிவிருத்திச் சபை என்று 1978இல் ஒரு சபை அமைத்துப் போற்றப்பட்ட மரம், குற்றியாகி மண்மூட்டைக்கு அடியில் போயிற்று. சுற்றாடல் என்ற சொல்லை அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. 1992 ஜூனில் ரியோ மாநாட்டில் செவர்ன் சுசுக்கி என்ற பன்னிரண்டு வயதுக் கனேடியச் சிறுமி உலகத் தலைவர்களைப் பார்த்துப் பேசினாள். கிட்டத்தட்ட என் வயதுப் பிள்ளை. பெரியவர்களின் வீணடிப்பை அவள் கண்டித்துப் பேசிய நாளில், வீணடிக்க எதுவுமில்லாத ஊரில் நான் சைக்கிள் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் பேச்சைப் பற்றி நான் அறிந்ததே கலாசாலைக் காலத்தில்தான்.

கட்டாயத்தால் வந்த பழக்கம் கட்டாயம் நீங்கியதும் போய்விடும். எங்களுக்கும் அப்படித்தான். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனது. அடுத்த வருடம் திரும்பி வந்தோம். பிறகு கட்டங்கட்டமாக மின்சாரம் வந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தது. பாதை வழியே வந்த பொருட்களில் முதல் இடம் பொலித்தீனுக்கு. ஜாம் போத்தல் விளக்கை ஒருவரும் பத்திரப்படுத்தவில்லை. என் வீட்டிலும் அது மறுபடியும் வெறும் போத்தலாகி ஊறுகாய் நிரப்பப்பட்டது.

யூரியாவும் திரும்பியது. இங்கே எங்கள் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் குடாநாட்டில் ஆறு கிடையாது. வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீருக்கு மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஓரடியை இறைத்து முடித்தால் கீழிருந்து உப்பு எழும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதே இதற்குக் கண்கண்ட சாட்சி. துலா மிதித்த காலத்தில் மனிதக் காலின் களைப்பே இறைப்புக்கு எல்லை. மிஷின் வந்தபின் அந்த எல்லை போயிற்று. 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி தடுக்கப்பட்டு எங்கள் தோட்டக்காரனுக்கு நல்ல காலம் வந்தபோது இறைப்பும் பசளையும் சேர்ந்தே பெருகின. வயிற்றுக்காகச் செய்ததைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். பல பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனது அந்த வெங்காயக் காசில்தான்.

செம்மண் தண்ணீரை விடுவதைப்போலவே பசளையையும் கீழே விட்டுவிடும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எடுத்துக்காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட கிணறுகள் இங்கே பல. பசளை மட்டுமல்ல, கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலகூடக் குழிகளும் காரணம். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இது குறைத்துவிடும், உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று நம்பும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவு கூடத்தான் செய்யும். இந்த ஒரு செய்தியைப் பிள்ளைகள் மூலமாக வீடுகளுக்கு அனுப்பியதில் எனக்குத் திருப்தி உண்டு.

இன்று பிள்ளையால் எதை மாற்ற முடிகிறது? சாப்பாட்டுத் தாளை மாற்ற முடிகிறது. 2017 ஏப்பிரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தபின், அந்த ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி தொடக்கம் பொலித்தீன் லஞ்ச் ஷீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. சட்டம் கடைகளில் தடுமாறியது. என் வகுப்பில் அவ்வளவு தடுமாறவில்லை. ஒரு பிள்ளை வாழையிலையில் புட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள், வாசம் வகுப்பெல்லாம் பரவியது, அடுத்த கிழமை ஏழெட்டுப் பேர் இலையோடு வந்தார்கள். பக்கத்து நீர்வேலி வாழைக்குப் பேர்போன ஊர், இலைக்கா பஞ்சம்? அமெரிக்காவின் வட கரோலினாவில் செய்யப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வு, காலநிலை பற்றிப் படித்த பிள்ளைகள் பெற்றோரின் கருத்தையும் மாற்றினார்கள், மகள்மார் கூடுதலாக மாற்றினார்கள் என்று காட்டியது. வாசித்தபோது என் அக்காவைத்தான் நினைத்தேன்.

பிள்ளையால் மாற்ற முடியாததும் உண்டு. "அப்பா யூரியா குறைச்சுப் போடுங்கோ" என்று கேட்ட மாணவனுக்குத் தகப்பன் சொன்ன பதிலை அவன் என்னிடம் வந்து ஒப்புவித்தான்: "கடனை உங்கட சேர் கட்டுவாரோ எண்டு கேள்." நியாயமான கேள்வி. 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்து, விளைச்சல் விழுந்து, நவம்பரில் தடையை நீக்கியபோது, சேதனப் பசளை என்ற சொல்லே தோட்டங்களில் பகிடியாகிவிட்டது. குழை தாழ்த்திய தலைமுறை உயிரோடு இருந்த ஊரில் அந்த அறிவைக் கேட்டுப் பெற ஒருவரும் வரவில்லை. மேலிருந்து வந்த கட்டளை, சுவரொட்டி வரைந்த எங்கள் பிள்ளைகளின் வாயையும் அடைத்துவிட்டது.

அதற்கு முன்பே தண்ணீர் ஒரு பாடம் நடத்தியிருந்தது. சுன்னாகத்து மின்நிலையப் பக்கமிருந்து கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்ததென்ற கொந்தளிப்பு 2015இன் தொடக்கத்தில் வலிகாமமெங்கும் பரவியது. பிள்ளைகள் போத்தலில் தண்ணீர் சுமந்து வந்தார்கள். வாளியில் அள்ளிய நீரை முகர்ந்து பார்ப்பது ஒரு பழக்கமாயிற்று. வழக்கு உயர்நீதிமன்றம் போய், 2019 ஏப்பிரல் 4ஆம் திகதி பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு வழங்கத் தீர்ப்பாயிற்று. கிணறு வளவுக்குள் இருந்தாலும் தண்ணீர் வளவுக்குச் சொந்தமில்லை என்பதை அந்த வருடம் என் மாணவர்கள் புத்தகமில்லாமல் விளங்கிக்கொண்டார்கள்.

2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போயிற்று. ஆச்சிமார் பேரப்பிள்ளைகளுக்கு ஜாம் போத்தல் விளக்கின் கதையைச் சொன்னார்கள். சில வீடுகளில் செய்தும் காட்டினார்கள். மண்ணெண்ணெய்க்கும் வரிசை என்பதால் அது எரிந்ததைவிடப் பேசப்பட்டதே அதிகம்.

அந்த வருடம் ஐந்தாந் தரப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு வேலை செய்வித்தேன். ஒவ்வொருவரும் தம் வளவின் படத்தைக் கீறி, கிணறு, மலகூடக் குழி, மாட்டுக்கொட்டில், குப்பைக்கிடங்கு நான்கையும் குறித்து, இடைத்தூரத்தைக் காலடியால் அளந்து எழுதவேண்டும். பக்கத்து வளவின் குழி தம் கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் அதையும் குறிக்கவேண்டும். படங்களை ஒழுங்கை வரிசைப்படி நிலத்தில் பரப்பி ஒட்டினோம். மதிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர் கிணறும் அந்தப் பக்கம் மற்றவர் குழியும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிள்ளைகள் விரலால் தொட்டுக் காட்டினார்கள். இரண்டு தகப்பன்மார் வந்து, படத்தைப் பார்த்து, "இதை வெளியில காட்டாதேங்கோ சேர்" என்றார்கள். ஒரு தாய் மட்டும் கைக்குழந்தையோடு வந்து தன் மகன் அளந்தது சரிதானா என்று கேட்டார். அவர்கள் அப்போது புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேசன் குழிக்கு அடித்திருந்த முளை கிணற்றிலிருந்து பையனின் காலடியில் பதினெட்டு. அதைப் பிடுங்கி வளவின் மறுகோடியில் அடித்தார்கள். மேசன் கூடுதல் குழாய்க்குக் காசு கேட்டார் என்றும் கொடுத்தார்கள் என்றும் பையன் வந்து சொன்னான்.